ஃபஹாஹீல் மணலில் கிடைத்த நாணய மோதிரம்

மோதிரம் கிடைத்தது 2004 பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கிடைத்த நாளையும் இடத்தையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதைச் செய்தது யார், அணிந்தது யார், எந்தப் போரைச் சேர்ந்தது, போரைச் சேர்ந்ததுதானா என்று கேட்டால் இன்றும் குழப்பம்தான்.

குவைத்தின் தெற்கே, எண்ணெய் ஆலைகளை ஒட்டிய ஃபஹாஹீலில் அப்போது வேலை பார்த்தேன். சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு ஆவணங்கள் என் பொறுப்பு. எந்தக் குழாய் எந்த உலோகம், எந்த வெல்டிங்கை யார் என்றைக்குச் சோதித்தார்கள் என்பதெல்லாம் என் மேஜைக்கு வரும். தேதி இல்லாத காகிதத்தை நான் கையில் வாங்கமாட்டேன் என்று சைட்டில் கேலி உண்டு.

மெட்டல் டிடெக்டர் எனக்கு வந்தது தற்செயல். வேலை முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு வெள்ளிதோறும் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். என் ரூமில் இருந்தவர்கள், "எல்லாரும் குப்பையைக் கண்ணால பாத்துப் பொறுக்குவான், நம்ம ஆளு மெஷின் வச்சுப் பொறுக்குறாரு" என்பார்கள். பொய்யும் இல்லை. கிடைத்ததில் பெரும்பாலும் பெப்சி டின் மூடி வளையங்கள்.

அந்தக் கடற்கரையில் எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். குடும்பங்கள் வந்து குளிக்கிற பகுதியில் மட்டும் தேடுவது, அதுவும் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் தோண்டுவதில்லை. 1990-இல் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தபோது, கடல் வழியாக எதிரி வருவான் என்று இந்தக் கரை நெடுகப் பதுங்குகுழி வெட்டிக் கண்ணிவெடி புதைத்திருந்தது. பிறகு எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல் தகவல் சொல்லும்படி தொலைபேசி எண்ணோடு பலகைகள் அங்கங்கே நின்றன. மெஷினில் ஆழமான, கனத்த ஒலி கேட்டால் நான் விலகிப் போய்விடுவேன்.

அன்றைக்கும் அப்படி ஒரு கனத்த ஒலி கேட்டுத்தான் விலகினேன். விலகிய இடத்திலிருந்து நாலைந்து அடியில் மெல்லிய, தெளிவான ஒலி வந்தது. விரலால் மணலைத் தள்ளியதும் பச்சைப் பாசி பிடித்ததுபோல ஒரு வளையம். மோதிரம்.

போர்களைப் பற்றிப் படிக்கிறவன் என்பதால் படைவீரர்கள் செய்த மோதிரங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் காத்துக் கிடந்தவர்கள், எதிரி வீசிய குண்டின் முனையில் இருந்த அலுமினியத்தை உருக்கி மோதிரம் செய்தார்கள். இரண்டாம் போரில் நாணயத்தில் செய்தார்கள். நாணயத்தை விளிம்பில் நிறுத்தி, ஸ்பூனின் முதுகால் சுற்றிச் சுற்றித் தட்டினால் விளிம்பு மெதுவாக அகன்று பட்டையாகும். பிறகு நடுவைத் துளைத்து அராவினால் மோதிரம். இதில் ஒரு வசதி உண்டு. நாணயத்தின் ஓரத்தில் இருந்த எழுத்தும் படமும் மோதிரத்தின் உட்பக்கம் மடிந்து ஓரளவு தப்பிவிடும். ஆகவே இப்படிப்பட்ட மோதிரத்தை அடையாளம் காண விரும்புகிறவன் முதலில் உள்ளே பார்க்க வேண்டும். இவை தவிர, படைவீரர்களுக்கு விற்பதற்கென்றே பஜார்களில் செய்த நினைவுப்பொருள் மோதிரங்களும் உண்டு. அவற்றையும் கையால் செய்ததையும் பிரித்தறிவது கஷ்டம்.

என்னுடையது நாணயத்தில் செய்தது என்பதுவரை எனக்கே தெரிந்தது. படம் எடுத்து, இணையத்தில் இதற்கென்றே இருக்கும் சேகரிப்பாளர் குழு ஒன்றில் போட்டேன். ஒருவர் இரண்டாம் போர்க்காலத்து வேலை என்றார். இன்னொருவர் 1991-இல் இங்கே வந்த அமெரிக்கர்கள் செய்தது என்றார். மூன்றாமவர் பஜார் சரக்கு என்றார். நாலாமவர், போருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பொழுதுபோகாத எவனோ செய்தது என்று முடித்துவிட்டார். நாலு பேரும் நிச்சயமாகச் சொன்னார்கள். எனக்குத்தான் முதலில் தெரிந்ததும் தெரியாமல் போனது.

உட்பக்கம் பார்க்க லென்ஸ் வேண்டும். எங்கள் தெருவில் வாட்ச் கடை வைத்திருந்தவரிடம் போனேன். ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கண்ணில் லென்ஸைச் செருகி மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத எங்க எடுத்தீங்க?"

சொன்னேன்.

"எந்தம்பி இந்த மாதிரி தட்டுவான்."

அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். 1990 ஆகஸ்டில் ஈராக்காரர்கள் வந்தபோது அண்ணன் தம்பி இரண்டு பேரும் இதே ஃபஹாஹீலில், இதே கடையில் இருந்திருக்கிறார்கள். வியாபாரம் நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் குவைத் பணம் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கல்லாவில் கிடந்த செல்லாத சில்லறையை எடுத்து, ரூமில் உட்கார்ந்து ஸ்பூனால் தட்டிக்கொண்டிருப்பானாம் தம்பி. குவைத் காசு, ஊரிலிருந்து சட்டைப்பையில் வந்த நம் ஒரு ரூபாய், எது கிடைத்தாலும்.

"டொக்கு டொக்குன்னு நாள் பூரா. 'ஏன்டா, மண்டைக்குள்ள தட்டுறியா'ம்பேன். 'காசுதான் செல்லாது காக்கா, மோதிரம் செல்லும்ல'ம்பான்." அண்ணனை அவர்கள் ஊரில் காக்கா என்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் அண்ணன் பஸ் ஏறி பாக்தாத், அம்மான் வழியாக ஊர் போய்விட்டார். கடையைப் பூட்டி ஒப்படைத்துவிட்டு அடுத்த வண்டியில் வருகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அந்த அடுத்த வண்டி வரவே இல்லை. போர் முடிந்து 1991-இல் அண்ணன் திரும்பி வந்தபோது கடை காலி, ரூம் காலி. தூதரகம், போலீஸ், ஆஸ்பத்திரி, எங்கே கேட்டும் இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இறந்தான் என்றும் சொல்லவில்லை.

"இப்ப அவன் மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கு தம்பி. பத்திரிகை அடிக்கணும். அவன் பேருக்கு முன்னாடி மர்ஹூம் போடுறதா வேண்டாமான்னு வீட்ல ஒரே சண்டை."

காலமானவர் என்பதற்குப் போடுகிற சொல் அது. அதோடு போகிற விஷயம் இல்லை என்றார். பெண்ணுக்குப் பொறுப்பாக நின்று நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியது தகப்பன். தகப்பன் இறந்திருந்தால் அந்த இடத்தில் பெரிய தகப்பனான இவர் நிற்கலாம். ஆனால் இவருடைய தாயார் விடவில்லை.

"உம்மா என்ன சொல்லுது தெரியுமா? 'எம் புள்ள மௌத்தாயிட்டான்னு அத்தாட்சி கொண்டா. அது இல்லாம அவன் எடத்துல நீ உக்காந்தியன்னா, நான் அந்தக் கல்யாணப் பந்தல்ல கால் வைக்க மாட்டேன்'. பதிமூணு வருஷமா அவனுக்காக ஒரு பாத்திஹா ஓதி துஆ கேக்க விடல."

பிறகு என் பக்கம் மோதிரத்தைத் தள்ளினார்.

"இது அவனுதுதான்னா, அந்தப் பதுங்குகுழிப் பக்கம் போய்த்தான் என்னமோ ஆயிருக்கு. நீங்க படிச்சவரு, தேதி வாரியா எல்லாம் பாக்குறவரு. பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா உம்மா நம்பும்."

நான் ஒரு மோதிரத்தை அடையாளம் காணப் போனேன். அவரோ ஒரு மனிதனைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். முடியாது என்று சொல்லத் தோன்றவில்லை. லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். பச்சைப் படிவத்துக்கு அடியில், ஒரு தண்டிலிருந்து பிரிவதுபோல மூன்று நான்கு வளைந்த கோடுகள்.

"கோதுமைக் கதிர். நம்ம பழைய ஒத்த ரூவா" என்றார் அவர் உடனே.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரூபாய் நாணயத்தில் இரண்டு பக்கமும் கதிர் உண்டு. ஆனால் அன்று இரவு படித்துப் பார்த்ததில், ஈராக்கின் பழைய நாணயங்களில் பேரீச்ச மரங்கள் இருப்பது தெரிந்தது. அந்த வளைந்த கோடுகள் பேரீச்ச ஓலையாகவும் இருக்கலாம். குவைத் நாணயத்தில் பாய்மரக் கப்பல். பாயை இழுத்துக் கட்டிய கயிறுகள் என்று நினைத்துப் பார்த்தால் அதுவும் பொருந்தியது. கோடுகள் அப்படியேதான் இருந்தன. நான்தான் ஒவ்வொரு தடவையும் வேறொன்றைப் பார்த்தேன்.

அடுத்த நாள் அதையே பாயிடம் சொன்னபோது அவர் குழப்பத்தை இன்னும் கூட்டினார்.

"ஈராக்கு காசாவும் இருக்கலாம் தம்பி. செக்போஸ்ட்ல நின்ன பயலுவ கடைக்கு வருவானுவ. சின்னப் பயலுவ, மீசையே ஒழுங்கா மொளைக்கல. இவன் தட்டுறதப் பாத்துட்டு, எனக்கும் ஒண்ணு பண்ணுன்னு காசு கொண்டாந்து குடுப்பானுவ. இவனும் பண்ணிக் குடுத்தான். ஒருத்தன் கூடவே உக்காந்து கத்துக்கிட்டான்."

"பாய், அப்படின்னா இது அவர் செஞ்சதாவே இருந்தாலும் அவர் போட்டிருந்ததுன்னு சொல்ல முடியாதே. பட்டாளத்துக்காரன் விரல்ல கூட இருந்திருக்கலாம்."

"ஆமா."

"பட்டாளத்துக்காரனே செஞ்சதாவும் இருக்கலாம்."

"ஆமாங்கறேன்ல. அதான் உங்ககிட்ட குடுத்திருக்கேன்."

இனி உலோகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 1992-க்குப் பிறகு நம் நாட்டில் ஒரு ரூபாயை எஃகில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மோதிரம் எஃகு என்றால் போருக்குப் பிந்தியது, தம்பியுடையது அல்ல. வெள்ளி என்றால் பழைய போர். வேறொரு சந்தேகமும் இருந்தது. எங்கள் ஆலையிலேயே ஃபிட்டர்கள் மிச்சமான குழாய்த் துண்டில் மோதிரம் கடைந்து போட்டுக்கொள்வதுண்டு. கடல்நீர் ஓடும் குழாய்களில் தாமிரமும் நிக்கலும் கலந்திருக்கும், அது தண்ணீரில் கிடந்தால் இப்படித்தான் பச்சை பிடிக்கும்.

எங்கள் சைட்டில் உலோகத்தைச் சோதிக்க ஒரு கருவி இருந்தது. பார்க்கத் துப்பாக்கி போல இருக்கும். முனையை வைத்து அழுத்தினால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும். அதை இயக்கியவன் அரியலூர் பக்கத்துப் பையன், கைவேலையில் படு சுத்தம். சாப்பாட்டு வேளையில் அவனிடம் மோதிரத்தைக் கொடுத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் ஏதோ கையெழுத்துக்குக் கூப்பிட்டார். போய்விட்டு வந்தபோது வொர்க்‌ஷாப்புக்குள் மெல்லிய ரீங்காரம். பையன் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மெருகு போடும் சின்ன பஃபிங் வீலில் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"கிளீன் பண்றேன் சார். வெளிய உள்ள ரெண்டு பக்கமும் அடிச்சாச்சு. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

"உள்பக்கமுமா?"

"பின்ன? போன வாரம் துரு மேல ரீடிங் எடுத்தேன்னு மூணு ரிப்போர்ட்ட நீங்கதான சார் ரிஜெக்ட் பண்ணீங்க?"

உண்மைதான். சோதிக்கும் முன் மேற்பரப்பைச் சுத்தம் செய்யாத அறிக்கை என் மேஜையைத் தாண்டாது. மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கதிரும் இல்லை, ஓலையும் இல்லை, பாய்மரக் கயிறும் இல்லை. என் கண்தான் தெரிந்தது.

கருவி தன் வேலையைச் செய்தது. தாமிரம் எழுபத்தைந்து, நிக்கல் இருபத்தைந்து. "நம்ம லைன்ல ஓடுறது தொண்ணூறுக்குப் பத்து, எழுபதுக்கு முப்பது. இது ரெண்டுமே இல்ல சார். பைப் இல்ல இது" என்றான் பையன் உற்சாகமாக. எஃகும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒரு கணம் எனக்கும் உற்சாகம் வந்தது. அறைக்குப் போய்ப் படித்த பிறகு அது போய்விட்டது. நம் பழைய ரூபாய் இதே கலவை. குவைத் நாணயமும் ஈராக் நாணயமும் இதே கலவை. உலகத்தில் பாதி நாணயங்கள் இதே கலவை.

பாய் மோதிரத்தைக் கையில் வாங்கி, லென்ஸை வைத்து உட்பக்கத்தைத் தேடினார்.

"புதுசு மாதிரி இருக்கே தம்பி. இதக் கொண்டுபோய்க் காட்டினா, எந்தக் கடையில வாங்குனேன்னுதான் உம்மா கேக்கும்."

என்னிடம் மிச்சம் இருந்தது உட்பக்கத்தை எடுத்த ஒரே ஒரு புகைப்படம். என் கேமராவுக்கு அவ்வளவு கிட்டத்தில் கண் தெரியாது. மங்கலான பச்சையில் மங்கலான சில கோடுகள்.

"அந்த எடத்தையாவது காட்டுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு பேரும் போனோம். மோதிரம் கிடைத்த இடத்தைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மெஷினைப் போட்டதும் நாலைந்து அடி தள்ளி, போன தடவை நான் விலகிய அதே கனத்த ஒலி.

"அது என்ன?"

"ஆழத்துல ஏதோ இரும்பு. அத நாம தொடக்கூடாது பாய்."

"இரும்புதானா? நிச்சயமா?"

பலகையில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தோம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வண்டி வந்தது. எங்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, கவசம் போட்டவர்கள் அங்குலம் அங்குலமாகத் தோண்டினார்கள். பாய் முழு நேரமும் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவர் எதையோ தூக்கிக் காட்டி, "மாஃபி முஷ்கில்!" என்று சிரித்தார். பிரச்சினை இல்லையாம்.

ஒரு இரும்புக் கட்டிலின் கால். சட்டத்தில் ஒரு முழம் அதோடு ஒட்டியிருந்தது. துருவுக்கு இடையில் பச்சைப் பெயின்ட்.

பாய் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"எங்க ரூம் கட்டிலும் பச்சைதான்."

"பாய், இந்த ஊர்ல எல்லா ரூம்லயும் இதே கட்டில்தானே?"

"இல்ல தம்பி, கேளுங்க. பதுங்குகுழிக்குள்ள படுக்கன்னு பட்டாளத்துக்காரனுவ வீடு வீடா வந்து கட்டிலத் தூக்கிட்டுப் போனானுவ. எங்க ரூம்ல ஒண்ண நான் இருக்கும்போதே தூக்கினானுவ. இன்னொண்ணு எந்தம்பி கட்டிலு. அதுல கை வச்சான்னா விடமாட்டான். பின்னாடியே போயிருப்பான், சண்டைக்கு." துருவை விரலால் தேய்த்தார். "கட்டிலோட போனானா, கட்டில் மட்டும் வந்துச்சா? இது எங்க கட்டிலேதானா? ஒண்ணுமே வெளங்கல."

வந்தவர்கள் கட்டில் காலை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். குழியை மூடியிருந்தார்கள். மெஷினை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒலி இல்லை.

மறுநாள் கடையிலிருந்து ஊர் அச்சகத்துக்கு அவர் ஃபோன் பேசும்போது நானும் இருந்தேன். அச்சகக்காரர் என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது.

"போட வேணாம்... இல்ல, போடாமயும் அடிக்க வேணாம்... அட, அந்த எடத்த சும்மா விடுங்க காக்கா. ஒரு சொல்லு கொள்ற மாதிரி எடம் விட்டு, அப்புறம் பேரப் போடுங்க."

நிக்காஹுக்கு ஒரு மாத லீவில் போனார். மோதிரத்தையும் கொண்டுபோனார். நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் பத்திரிகை ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். மணமகளின் தகப்பன் பெயருக்கு முன்னால் வெள்ளையாக இடம். அச்சுப் பிழை என்று நினைத்து எத்தனையோ பேர் கேட்டார்களாம்.

"நிக்காஹ்?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்து, தகப்பனைப் பத்தித் தகவலே இல்லன்னா நான் நிக்கலாம்னாங்க. நின்னேன்."

"உங்க அம்மா பந்தலுக்கு வந்தாங்களா?"

"வந்துச்சு."

"அப்ப மோதிரத்தப் பாத்து நம்பிட்டாங்களா?"

அவர் ஒரு வாட்ச்சின் பின்மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்தார்.

"எங்க நம்புச்சு? கையில வாங்கி, தன் விரல்ல போட்டுப் பாத்துச்சு. உம்மா விரலுக்கே இறுக்கம். 'எம் புள்ள கை இம்மாம் பெருசு. இது எவனோ ஒல்லிப் பய மோதிரம். அவன் இருக்கான்டா'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிருச்சு. சந்தோஷமாத்தான் பந்தலுக்கு வந்துச்சு."

"சரி, அப்ப இது அவரோடது இல்லைன்னு வச்சுக்கலாம்."

"எப்படி வச்சுக்கிறது? அந்த ரெண்டு மாசம் நாங்க என்ன தின்னோம்னு உம்மாவுக்குத் தெரியுமா? நான் ஊருக்குப் போயி எறங்கினப்ப என் வாட்ச்சே கையில நிக்கல."

அதற்கு மேல் நான் கேட்கத் தயங்கினேன். ஆனாலும் எனக்கு மோதிரம் வேண்டியிருந்தது. இன்னும் பெரிய லென்ஸில், இன்னும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் உட்பக்கத்தில் ஏதாவது ஒரு கீறல் மிஞ்சியிருக்கலாம் என்ற நினைப்பு எனக்குப் போகவே இல்லை.

"மோதிரம் இருக்கா பாய்? ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்."

"உம்மாகிட்ட இருக்கு."

"அவங்கதான் இல்லைன்னுட்டாங்களே?"

"அதத்தான் நானும் கேட்டேன் தம்பி. 'உன் புள்ளைது இல்லன்னா குடு, அந்தத் தம்பிக்குத் திருப்பிக் குடுக்கணும்'னேன். முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கு. அவிழ்க்க மாட்டேங்குது."